பழைய சாணை மெஷின்: எதை மீட்பது, எதை விடுவது

கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்தச் சாணை மெஷினைப் பார்த்தேன். எட்டு அங்குலக் கல் இரண்டு மாட்டுவது. வார்ப்பிரும்பு உடம்பு. தராசில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. மூடிப்போன லேத் பட்டறை ஒன்றிலிருந்து வந்ததாம். மேலே புதுப் பச்சைப் பெயின்ட் பளபளத்தது. ஷாப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் நெடுநேரம் ஓடித் தானாக நின்றது. அதிலேயே மனம் முடிவு செய்துவிட்டது. "கல்லு ரெண்டும் சேர்த்துத்தானுங்க, அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்" என்றார் கடைக்காரர். இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெயர்த் தகட்டின் மேலிருந்த பெயின்டைச் சுரண்டியபோதுதான் 415 வோல்ட், மூன்று பேஸ் என்ற எழுத்துகள் வெளிப்பட்டன. என் வீட்டு இணைப்பு ஒற்றைப் பேஸ், 230 வோல்ட். காசில்லாமல் வந்த கற்களில் ஒன்றைக் கழற்றி மரக் கைப்பிடியால் தட்டினேன். பொத்தென்று ஒலித்தது. உள்ளே விரிசல்.

மூடப்படும் பட்டறைகளிலிருந்து பழைய சாணை மெஷின்களை வாங்கிச் சீர்செய்து வீட்டுப் பட்டறையில் வைத்துக்கொள்வது இன்று பலரை ஈர்க்கும் வழக்கம். (கிரைண்டர் என்றால் நம் வீடுகளில் மாவரைப்பது என்பதால் பட்டறைக்காரர்களின் பெயரையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.) இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு பழைய மெஷினில் மீட்கத் தக்கவை எவை, தூக்கி எறிய வேண்டியவை எவை என்ற பாகுபாடு இல்லாமல் செய்தால், அது பணத்தையும் சில நேரம் கண்ணையும் விலையாகக் கேட்கும்.

கனத்தின் நன்மை

இரண்டு போல் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் கல்லில் இருக்கும் சிறு எடை வேறுபாடும் உதறலாக மாறும். உடம்பு லேசாக இருந்தால் மெஷின் முழுவதும் கல்லோடு சேர்ந்து ஆடும். கனமாக இருந்தால் அந்த உதறலை இரும்பு விழுங்கிக்கொள்ளும். தச்சு உளியைச் சாணை பிடிக்கும்போது இது கைக்கே தெரியும். ஆடும் கல்லில் உளியின் வாய் துள்ளித் துள்ளிப் படும். தீட்டிய முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். சூடேறிய இடம் நீலம் பாய்ந்து பதம் இழக்கும். ஆடாத கல்லில் உளியை ஒரு விரல் அழுத்தத்தில் வைத்தால் போதும். பொறி ஒரே சீராக விழும்.

பழைய மெஷின்களில் பெரும்பாலும் ஷாப்ட் தடிமன், இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே தூரம் அதிகம், கல்லைப் பிடிக்கும் பிளாஞ்ச் லேத்தில் கடைந்தது. இன்று கிடைக்கும் மலிவான ஆறு அங்குல மெஷின் பத்துக் கிலோவைத் தாண்டுவது அரிது. அதன் பிளாஞ்ச் தகட்டை அழுத்தி எடுத்தது; நேராக உட்காராது; கல் பக்கவாட்டில் நெளியும்.

ஆனாலும் "அந்தக் காலத்து இரும்பே வேற" என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. ஐம்பது ஆண்டு தாண்டி நம் கைக்கு வருபவை தப்பிப் பிழைத்த நல்ல மெஷின்கள். அதே காலத்தில் செய்த மட்டமானவை எப்போதோ உருக்காலைக்குப் போய்விட்டன. அவற்றை நாம் பார்ப்பதில்லை. மேலும், மலிவான புது மெஷினின் நெளிவில் பெரும்பங்கு பிளாஞ்சிலிருந்து வருவது. பக்கத்து லேத் பட்டறையில் இரண்டு பிளாஞ்ச் கடைந்து மாட்டி, வைர முனை டிரஸ்ஸரால் கல்லின் முகத்தைச் சமன் செய்தால் அதுவும் அடங்கி ஓடும். பழையதைப் புகழும் முன் புதியதற்கு இந்த வாய்ப்பைத் தருவதுதான் நியாயம்.

பழுது பார்க்க முடிவது

கனத்தைவிடப் பெரிய நன்மையாக நான் மதிப்பது, பழைய மெஷினைப் பிரிக்க முடிகிறது என்பதை. நான்கு போல்ட்டைக் கழற்றினால் மூடி வரும். புல்லர் போட்டு இழுத்தால் பேரிங் வரும். என் மெஷினின் பேரிங் விளிம்பில் 6204 என்ற எண் இருந்தது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில் யார் செய்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவுதான். பழைய கிரீஸ் சோப்புக் கட்டியாக இறுகியிருந்தது. ஊருக்குள்ளிருந்த பேரிங் கடையிலேயே புதியது கிடைத்தது. அங்குல அளவில் பேரிங் போட்ட பழைய பிரிட்டிஷ் மெஷின்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குப் பேரிங் தேடுவது தனி வேலை. வாங்கும் முன்பே எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி சாதாரணமானதல்ல. கோவையில் 1937-இல் மின் மோட்டார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் விவசாயக் கிணறுகளுக்கான பம்ப் மோட்டார் அந்த ஊரின் பெருந்தொழிலாக வளர்ந்தது. கிணற்று மோட்டார் எரிந்தால் பயிர் காயும் என்பதால், காயில் கட்டும் கடை ஊர் ஊருக்கு முளைத்தது. பழைய காயிலை அறுக்கும் முன் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதேபோல் புதிதாகக் கட்டித்தரும் கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. எரிந்த மோட்டார் என்று ஒதுக்கப்பட்ட மெஷினை நம் ஊரில் துணிந்து வாங்க முடிவது அவர்களால்தான்.

பழைய மோட்டார் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பது சிலர் சொல்லும் குறை. வீட்டுப் பட்டறைக்கு அது பொருந்தாது. அரைக் குதிரைத் திறன் மெஷின் நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செலவாகும்.

பெயின்டுக்கு அடியில் இருப்பவை

குறைகளில் முதலாவது கல். எட்டு அங்குலக் கல்லின் விளிம்பு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். பீங்கான் போலச் சுட்டெடுத்த பொருள் அது. கீழே விழுந்ததா, எண்ணெயில் ஊறியதா, ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததா என்று பழைய கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சோதனைதான் இதற்கும்: விரலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். என்னிடம் வந்த இரண்டில் ஒன்று விரிசல். ஒலித்த மற்றொன்றும் எனக்கு உதவவில்லை. அது பச்சைக் கல். சிலிக்கன் கார்பைடால் ஆன அது, லேத் பட்டறையில் கார்பைடு முனை வைத்த டூல்களைத் தீட்ட உதவுவது. தச்சு உளிக்கும் டிரில் பிட்டுக்கும் அலுமினியம் ஆக்சைடு கல்தான் வேண்டும். ஆகவே பழைய மெஷினின் விலையைக் கணக்கிடும்போது இரண்டு புதுக் கல்லின் விலையைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். காசில்லாமல் வரும் கல்லுக்கு மதிப்பும் இல்லை.

இரண்டாவது மின்சாரம். பழைய ஒயரின் ரப்பர் உறை கை பட்டாலே உதிரும். பல மெஷின்களில் எர்த் கம்பியே இருக்காது. இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது பாயும் வழி நம் கைதான். என் மெஷினின் காயிலை வைண்டிங் கடைப் பெரியவர், மின்கசிவைத் தடுக்கும் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதித்தார். முள் ஒரு மெகோமுக்குக் கீழேயே நின்றது. "தம்பி, இது மழையில கெடந்திருக்கு. காயில் நல்லாத்தான் இருக்கு, காய வெக்கணும்" என்றார். மூடியைக் கழற்றி, 100 வாட் பல்பை உள்ளே எரியவிட்டு, சாக்கால் மூடி இரண்டு நாள் வைத்தார். அதன் பிறகுதான் முள் ஏறியது. அந்தச் சோதனை இல்லாமல் பிளக்கைச் செருகியிருந்தால் காயிலும் போயிருக்கும், எனக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும்.

மூன்று பேஸ் மோட்டாரை வீட்டில் ஓட்ட வி.எப்.டி. எனப்படும் டிரைவ் இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பேஸ் 230 வோல்ட்டை வாங்கும் டிரைவ், மூன்று பேஸாகத் தருவதும் 230 வோல்ட்தான். 415 வோல்ட்டுக்கு ஸ்டாராகக் கட்டிய மோட்டாரை டெல்டாவாக மாற்றினால்தான் அதில் முழு வலு கிடைக்கும். என் மெஷினில் மூன்று முனைகள்தான் வெளியே இருந்தன; ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்து கிடந்தது. அதைப் பெரியவர் தோண்டிப் பிரித்து ஆறு முனைகளை வெளியே எடுத்தார்.

டிரைவ் வந்ததும் புதிய ஆபத்து ஒன்றும் சேர்ந்து வருகிறது. குமிழைத் திருப்பினால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கிவிடலாம். வேகம் 1.2 மடங்கானால் கல்லைப் பிய்க்கும் விசை 1.44 மடங்காகும். ஆகவே மேல் வரம்பை 50-இல் பூட்டிவிட வேண்டும். மூன்று பேஸில் இரண்டு கம்பி இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பதும் உண்டு. சாணை மெஷினின் இடப்பக்க நட்டுக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை. சரியான திசையில் சுற்றும்போது இரண்டும் தாமாக இறுகும். திசை மாறினால் இரண்டும் தாமாகக் கழலும். கல் மாட்டாமல் முதலில் ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். என் மெஷின் முதல் முறை தலைகீழாகத்தான் சுற்றியது.

மூன்றாவது, மறைந்துபோன காவல்கள். பட்டறைகளில் கல்லின் மேல் மூடியையும், டூல் வைக்கும் தாங்கியையும் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வது சகஜம். தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் டூல் அந்தச் சந்தில் சிக்கும், கல் வெடிக்கும். மேலே பொறியைத் தடுக்கும் நாக்குக்கும் கல்லுக்கும் 6 மில்லிமீட்டர்தான் வரம்பு. ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளைக் கட்டாயப்படுத்தியது. வீட்டுக்குள் அப்படிக் கேட்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அங்கே பொறுப்பு முழுவதும் நம்முடையது.

கடைசியாகப் பெயின்ட். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி எமரித் தாளால் தேய்த்துத் தூளாக்குவது, குழந்தைகள் நடமாடும் வீட்டில் செய்யக் கூடாத வேலை. நனைத்துச் சுரண்டி, கழிவைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

பேரிங், ஒயர், சுவிட்ச், கல், காயில் வேலை, டிரைவ் எல்லாம் சேர்ந்தபோது, நான் இரும்புக்குக் கொடுத்த விலை மொத்தச் செலவில் சிறு பங்காகிவிட்டது. மலிவு என்பதற்காக இந்த வழக்கத்தில் இறங்குபவர் ஏமாந்துபோவார். மாதம் ஒருமுறை கத்தியும் மண்வெட்டியும் தீட்டுபவருக்குப் புது ஆறு அங்குல மெஷினே போதும். வாரந்தோறும் உளி தீட்டும் தச்சர், டிரில் பிட்டையும் லேத் டூலையும் தானே தீட்டிக்கொள்பவர், பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் பக்கத்தில் நல்ல வைண்டிங் கடையும் உள்ளவர் ஆகியோருக்கே பழைய மெஷின் பலன் தரும். வாங்கும் முன் அவர்கள் மூன்றைச் செய்தால் போதும்: பெயர்த் தகட்டைப் படியுங்கள், ஷாப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து ஆட்டம் பாருங்கள், மோட்டாரின் காற்றுத் துளையருகே எரிந்த வார்னிஷ் வாடை வருகிறதா என்று முகருங்கள்.

சீர்செய்வதிலும் வரிசை முக்கியம். முதலில் ஷாப்டும் பேரிங்கும், அடுத்து காயில் சோதனையும் எர்த்தும், பிறகு மூடியும் தாங்கியும், அதன்பின் புதுக் கல். கல் மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். பெயின்ட் எல்லாவற்றுக்கும் பிறகு. என் மெஷினை விற்றவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பெயின்டோடு நிறுத்தியிருந்தார்கள். மீட்கப்பட்டது அதன் தோற்றம் மட்டும்.

சீர்செய்த மெஷினை விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பேரிங் எப்போது மாற்றினீர்கள், மெக்கர் எவ்வளவு காட்டியது, எர்த் கொடுத்தீர்களா, கல் புதியதா என்று நான்கு வரி எழுதி மெஷினிலேயே கட்டிவிடுங்கள். வாங்குபவர்களே, அந்த நான்கு வரி இல்லாத மெஷினுக்கு இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பொத்தென்று ஒலிக்கும் கல் உங்கள் கைக்கு வந்தால், குப்பையில் முழுசாகப் போடாமல் சுத்தியலால் இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் அதை இன்னொருவர் எடுத்து மாட்டுவார்.