எந்த இறந்தகாலம்? பிரெஞ்சு வினையின் ஒரு காலம் குறித்து

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' பற்றிப் பேசினேன். ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பேசியது. அபத்தம், அந்நியமாதல், இருத்தலியல் என்று கையிலிருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அந்தக் கதை எந்தக் காலத்துல சொல்லப்படுதுன்னு பாத்தீங்களா?" இறந்தகாலம்தான் என்றேன். "அதான், எந்த இறந்தகாலம்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் காலம் மூன்று. அதில் இறந்தகாலம் ஒன்று. அந்த ஒன்றுக்குள் எத்தனை என்று பரீட்சையில் யாரும் கேட்டதில்லை. அந்த டீக்கடைக் கேள்விதான் என்னைப் பிரெஞ்சு மாலை வகுப்புக்குத் துரத்தியது. இந்தக் கட்டுரை, அங்கே நான் கற்றுக்கொண்ட இறந்தகாலங்களில் ஒன்றைப் பற்றியது. பெயர் ப்ளுஸ்-கெ-பார்ஃபே. லத்தீன் இலக்கணக்காரர்களிடமிருந்து வந்த பெயர். 'முற்றியதைவிடவும் முற்றியது' என்று பொருள்படும். ஒரு இறந்தகால நிகழ்ச்சிக்கு முன்பே முடிந்துபோன இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்வது என்று பாடப்புத்தகம் விளக்கும். விளக்கம் சரிதான். ஆனால் இதைப் பேசுவது யார், எங்கே நின்று பேசுகிறான் என்பதை அது சொல்வதில்லை.

முதலில் அமைப்பு. பிரெஞ்சில் 'நான் புகைத்தேன்' என்று பேச்சில் சொல்ல 'ழே ஃப்யுமே' என்பார்கள். இது பாஸே கொம்போஸே, கூட்டு இறந்தகாலம். ஃப்யுமே என்பது 'புகைக்கப்பட்டது' போன்ற எச்ச வடிவம். 'ழே' என்பதில் 'நான்' என்பதோடு 'உடைத்தாயிருத்தல்' என்ற பொருளுள்ள அவுவார் வினையின் நிகழ்காலமும் சேர்ந்திருக்கிறது. இதையே ப்ளுஸ்-கெ-பார்ஃபே ஆக்க வேண்டுமானால் எச்சத்தைத் தொட வேண்டியதில்லை. துணைவினையை மட்டும் ஏம்பார்ஃபே என்கிற தொடர் இறந்தகாலத்துக்கு மாற்றினால் போதும்: 'ழாவே ஃப்யுமே'. ழாவே, த்யு ஆவே, இல் ஆவே, நூஸ் ஆவியோன், வூஸ் ஆவியே, இல்ஸ் ஆவே. இதில் நான்கு இடங்களில் வினை காதுக்கு ஒரே ஒலி, எழுத்தில் மூன்று விதம். நம் வினைமுற்று விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே விகுதி வாயை மூடிக்கொள்வதால் 'நான்', 'அவன்' என்று ஆளை முன்னால் நிறுத்தியே தீர வேண்டும்.

இன்னொரு துணைவினையும் உண்டு: எத்ர், 'இருத்தல்'. போதல், வருதல், பிறத்தல், இறத்தல் முதலான சில வினைகளும், தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் இதைத்தான் எடுத்துக்கொள்ளும். 'எல் எத்தே வெனு', அவள் வந்திருந்தாள். இங்கே எழுவாய் பெண் என்றால் எழுத்தில் எச்சமும் பெண்பாலாகும். அவுவார் வந்தால் எச்சம் எழுவாயைச் சட்டை செய்வதில்லை. செயப்படுபொருள் முன்னால் வந்து நின்றால் மட்டும் அதற்கு இணங்கும். நான் எழுதியிருந்த கடிதங்கள் என்னும்போது 'எழுதிய' என்பது எனக்கு அல்ல, கடிதங்களுக்குப் பணிகிறது. கடிதம் அங்கே பெண்பால். ஆகவே எச்சம் பெண்பாலாகவும் பன்மையாகவும் எழுதப்படும்.

தமிழ் மாணவனுக்கு இங்கேதான் பொறி தட்டும். நமக்கு அவுவார் கிடையாது. 'எனக்கு இருக்கிறது', 'என்னிடம் உண்டு' என்போமே தவிர, உடைமையைச் சொல்ல அப்படியொரு செயப்படுபொருள் குன்றாவினை நம்மிடம் புழக்கத்தில் இல்லை. 1960இல் எமில் பென்வெனிஸ்த் எழுதிய ஒரு கட்டுரை, அவுவார் என்பதே தலைகீழாகத் திருப்பிப் போடப்பட்ட 'ஒருவருக்கு இருத்தல்'தான் என்று காட்டுகிறது. உலகத்தில் பல மொழிகள் தமிழைப் போலத்தான் இருக்கின்றன, பிரெஞ்சுதான் விசேஷம். ஆக நாம் 'படித்திருந்தாள்', 'வந்திருந்தாள்' என்று இரண்டுக்கும் இருத்தலையே போடுகிறோம். 'கதவு மூடியிருந்தது' என்றால் மூடப்பட்ட நிலையா, அதற்கு முன் நடந்த மூடலா? இரண்டும்தான். எத்ர் வினைகளில் பிரெஞ்சுக்காரனுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. 'அம்மா இறந்திருந்தாள்' என்ற வாக்கியம் அங்கேயும் சாவு என்ற சம்பவத்துக்கும் சாவுக்குப் பிந்தைய நிலைக்கும் நடுவில் ஊசலாடும்.

இப்போது 'அந்நியன்' நாவலுக்கு வருவோம். 1942இல் வந்த இந்த நாவல், எழுத்து இலக்கியத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பாஸே சேம்ப்ளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெரும்பாலும் பாஸே கொம்போஸேயில் நடக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று 1943லேயே சார்த்தர் கவனித்தார். ஒன்றுக்கும் மற்றதற்கும் காரணகாரியம் இல்லை. பாஸே சேம்ப்ள் என்பது உலகத்தை ஒழுங்குபடுத்திக் காட்டும் இலக்கியத்தின் முத்திரை என்று 1953இல் ரோலான் பார்த் எழுதினார். இதெல்லாம் நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதி. நான் சொல்ல வருவது வேறு. நாவலின் இரண்டாம் பாகத்தில் அந்தத் தீவுகளுக்கு என்ன ஆகிறது?

முதல் பாகத்தில், முதியோர் இல்லத்தில், அம்மாவின் பிணத்தருகே மெர்சோ இரவைக் கழிக்கிறான். காவல்காரன் பால் கலந்த காபி தரட்டுமா என்கிறான். மெர்சோ குடிக்கிறான். சிகரெட் பிடிக்கத் தோன்றுகிறது, தயங்குகிறான், பிறகு காவல்காரனுக்கும் ஒன்று கொடுக்கிறான், இருவருமாகப் புகைக்கிறார்கள். இதெல்லாம் பாஸே கொம்போஸே. துணைவினை நிகழ்காலத்தில் இருப்பதால் செயல் செய்தவனின் இப்போதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் செயல், இன்னும் என் கையில்.

இரண்டாம் பாகத்தில் நீதிமன்றம். அதே காவல்காரன் சாட்சிக் கூண்டில் நிற்கிறான். இவன் அம்மாவைப் பார்க்க விரும்பியிருக்கவில்லை, புகைத்திருந்தான், தூங்கியிருந்தான், காபி குடித்திருந்தான். வரிசையாக ப்ளுஸ்-கெ-பார்ஃபே. இலக்கணப்படி அதில் தப்பில்லை. 'என்று சொன்னார்' இறந்தகாலத்தில் இருந்தால் அயற்கூற்றுக்குள் வரும் இறந்தகாலச் செயல் இன்னொரு படி பின்னுக்குப் போக வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. ஆனால் அந்த ஒரு படியில் நடப்பது என்ன? 'ழே' போய் 'ழாவே' வந்ததும் செய்தவனின் நிகழ்காலம் வெட்டப்படுகிறது. இன்று என் கையிலிருப்பது, அன்று அவன் கையில் இருந்ததாக மாறுகிறது. தனித்தனித் தீவுகள் ஒரே சங்கிலியில் கோர்க்கப்படுகின்றன. 'புகைத்தோம்' என்ற பன்மை 'புகைத்திருந்தான்' என்று ஒருமையாகிவிடுகிறது. கூடப் புகைத்தவன் சாட்சி, புகைத்தவன் குற்றவாளி. காபி கொடுத்தது தான்தான் என்று காவல்காரன் பிறகு ஒப்புக்கொள்கிறான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. வாக்கியம் ஏற்கெனவே முற்றியதைவிட முற்றிப்போயிருந்தது.

முதல் பாகத்தில் ப்ளுஸ்-கெ-பார்ஃபே இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. அங்கே மெர்சோ தானே தன் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். நீதிமன்றத்தில் அவனுக்குப் பதிலாக வேறு யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள். அதிகாரம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது இங்கே ஒரு துணைவினைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

உடனே இந்தக் காலமே தீர்ப்பின் காலம் என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். 1857இல் புத்தகமாக வந்த ஃப்ளொபேரின் 'மதாம் பொவாரி' நாவலில் முதல் பாகம் ஆறாம் அத்தியாயம் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. எம்மா சிறுமியாக என்ன படித்திருந்தாள், எதைக் கனவு கண்டிருந்தாள் என்று. 'அவள் நினைத்தாள்' என்ற சட்டகம் இல்லை. இப்போதைய ஏமாற்றத்தின் அடியில் ஒரு கதவு திறக்கிறது. திறந்த பிறகு அந்தக் காலம் மற்ற இறந்தகாலங்களுக்கு இடம் விட்டு விலகிக்கொள்கிறது. ஒரே வினைவடிவம் இங்கே நினைவு, அங்கே குற்றப்பத்திரிகை. மூன்றாவதாக ஏக்கமும் உண்டு: 'ஸி ழாவே ஸ்யு', எனக்குத் தெரிந்திருந்தால்! முக்கிய வாக்கியம் இல்லாமலே நிற்கும். நம் 'தெரிந்திருந்தால்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

1959இல் பென்வெனிஸ்த் பிரெஞ்சுக் காலங்களை இரண்டு அமைப்புகளாகப் பிரித்தார். ஒன்று, பேசுபவன் மறைந்துகொண்டு சம்பவங்கள் தாமே சொல்லிக்கொள்வது போன்ற வரலாறு. இன்னொன்று, நான்-நீ என்று எதிரெதிரே நிற்கும் சொல்லாடல். பாஸே சேம்ப்ள் முதலாவதன் சொத்து. பாஸே கொம்போஸே இரண்டாவதன் சொத்து. ப்ளுஸ்-கெ-பார்ஃபே இரண்டிலும் நடமாடும். எனவேதான் நினைவாகவும் இருக்க முடிகிறது, வழக்காகவும் மாற முடிகிறது.

இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராக மொழிபெயர்த்த 'அந்நியன்' நமக்கு இருப்பது பெரிய கொடை. பிரச்சனை, ஆங்கிலம் வழியாக வரும் மற்ற மொழிபெயர்ப்புகளில். 'ஹாட்' கண்ட இடமெல்லாம் 'இருந்தான்' போட்டு, சொல்லியிருந்தான், பார்த்திருந்தான், போயிருந்தான் என்று அடுக்கிவிடுகிறார்கள். வாசகனுக்கு மூச்சு முட்டுகிறது. தமிழுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. 'வந்தேன் என்று சொன்னான்' என்று நாம் அடுத்தவன் குரலை அப்படியே விட்டுவைக்கலாம். காலத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு நம்மிடம் வேறொரு கருவி இருக்கிறது: 'புகைத்ததாக', 'தூங்கியதாக'. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பத்திரிகைச் செய்தி வரை புழங்கும் இந்த 'ஆக', செயலை ஆளிடமிருந்து பிடுங்கிப் பிறர் வாயில் வைத்துவிடும். காவல்காரனின் சாட்சியத்துக்கு அதுவே பொருத்தம் என்பேன். எம்மாவுக்கு 'படித்திருந்தாள்'தான்; அங்கே 'ஆக' போட்டால் அவள் நினைவு வழக்காகிவிடும். ஒரே பிரெஞ்சுக் காலத்துக்குத் தமிழில் இரண்டு வழி. எதை எடுப்பது என்பது இலக்கணம் அல்ல, விமர்சனம்.

கடைசியாக நம் சொந்தக் கதை. விமர்சகன் எப்போதும் தாமதமாக வருகிறவன். எழுதியவன் எழுதி முடித்த பிறகு, பல சமயம் செத்த பிறகு வந்து, இவர் சாதியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார், பெண்ணைப் பற்றி இப்படி எழுதியிருந்தார் என்று கோர்க்கிறோம். கோர்க்கக் கூடாது என்றில்லை, கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த 'இருந்தார்' எழுதும்போது நாம் எந்த இடத்தில் நிற்கிறோம், அந்த ராத்திரி காபி கொடுத்தது யார், கூடப் புகைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீக்கடையில் அந்தப் பெரியவர் கேட்டது நாவலைப் பற்றி மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.