இயல்புவாதம் வென்ற மேடை

இயல்புவாதத்துக்குக் கருமாதி நடத்துவது நம் இலக்கியக் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. கண்டதைக் கண்டபடி எழுதுவது புகைப்படக்காரரின் வேலை, அதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்பவர்கள் மனத்தில் இருப்பவர் எமில் ஸோலா ஒருவர்தான். அவரிடமும் நாவல்களைவிடக் கொள்கை அறிக்கையைத்தான் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த இயக்கத்தின் நாடகங்கள் பேச்சில் வருவதே இல்லை. ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் என்ற பெயர் நம்மிடையே அடிபட்டு எத்தனையோ காலமாகிறது. இயல்புவாதம் தன் முழு உயரத்தை எட்டியது அவருடைய ‘நெசவாளர்கள்’ நாடகத்தில்தான். அதைப் படிக்காமல் அந்த இயக்கத்துக்குத் தீர்ப்பு எழுதுவது அநீதி.

தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1865இல் கோன்கூர் சகோதரர்கள் ஒரு வேலைக்காரியின் சீரழிவை நாவலாக்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஸோலாவின் ‘தெரேஸ் ராக்கேன்’ வந்தது. மருத்துவ அறிஞர் க்ளோத் பெர்னார் ஆய்வுக்கூடத்துக்கு வகுத்த முறையை நாவலுக்கும் பொருத்தலாம் என்று 1880இல் ஸோலா ஓங்கிச் சொன்னார். பரம்பரைக் குணமும் சூழலும் சேர்ந்தால் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதை எழுத்தாளன் சோதித்துக் காட்டிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. 1871 முதல் 1893 வரை ஒரே குடும்பத்தின் கிளைகளைத் தொடர்ந்து 20 நாவல்கள் எழுதினார்.

அந்தக் கொள்கை செத்துவிட்டது, அதில் எனக்கு மறுப்பில்லை. 1884இல் ஆன்ஸேன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஸோலா அங்கே போய், குழிக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டு வந்த ‘ழெர்மினால்’ நாவலில் பசியும் கரித்தூளும் மூச்சை அடைக்கின்றன. ஆனால் வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் நாயகன் எத்தியேன் தன் பகைவனைக் கொல்லும் இடத்தில், குடிகாரப் பரம்பரையின் ரத்தம் கொதித்தது என்று ஸோலா விளக்கம் சொல்லத் தொடங்குகிறார். பட்டினியும் பொறாமையும் அந்தக் கொலைக்குப் போதாதா? நாவலாசிரியர் கண்ணால் கண்டதெல்லாம் உயிரோடு இருக்கிறது. கொள்கைக்காரர் செருகியது வாடி உதிர்ந்துவிட்டது.

1936இல் மார்க்சிய விமர்சகர் லூக்காச் தொடுத்த தாக்குதல் இதைவிட ஆழமானது. ‘அன்னா கரேனினா’வின் குதிரைப் பந்தயத்தையும் ஸோலாவின் ‘நானா’வில் வரும் பந்தயத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தல்ஸ்தோயில் பந்தயம் பாத்திரங்களின் விதியைத் திருப்புகிறது, ஸோலாவிலோ அது வெறும் வர்ணனையாக நிற்கிறது என்றார். கூர்மையான வாதம்தான். இன்று நம் மேடைகளில் ஒலிக்கும் ‘புகைப்படம்’ என்ற வசை அதன் நீர்த்துப்போன வடிவம். ஆனால் இந்த வாதத்துக்கான பதிலை மேடை 44 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது.

பாரிஸில் எரிவாயு நிறுவன எழுத்தராக இருந்த ஆந்த்ரே ஆந்த்வான் 1887இல் ‘சுதந்திர அரங்கு’ தொடங்கினார். கசாப்புக்கடைக் காட்சிக்கு நிஜமான இறைச்சியைத் தொங்கவிட்டார் என்பதையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வெறும் பரபரப்பு. அக்கால நாடகங்களில் இப்ஸனின் ‘ஆவிகள்’ (1881), ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ‘மிஸ் ஜூலி’ (1888) இரண்டும் மகத்தானவை, ஆனால் இரண்டும் வசதியான வீட்டுக்குள் நடப்பவை. அந்த வீட்டைத் தாண்டி நாடகத்தை வெளியே கொண்டுவந்தது 1889இல் பெர்லினில் தொடங்கிய ‘சுதந்திர மேடை’யும் அதில் அறிமுகமான ஹாப்ட்மனும்தான்.

ஹாப்ட்மனின் பாட்டனார் சைலீசியாவில் தறி நெய்தவர். அவருடைய கஷ்டங்களைத் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தவர் ஹாப்ட்மன். நாடகத்தைத் தந்தைக்கே காணிக்கையாக்கினார். 1844 ஜூனில் சைலீசிய நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து ராணுவத்தால் ஒடுக்கப்பட்ட நிகழ்ச்சிதான் கதைக்கு அடிப்படை. அந்த மலையோர ஊர்களுக்கு நேரில் போய் வந்து, முதலில் நெசவாளர் பேசும் வட்டார வழக்கிலேயே எழுதி முடித்தார்.

முதல் அங்கத்தைப் பாருங்கள். முதலாளி டிரைஸிகரின் கொள்முதல் அறை. வாரக்கணக்கில் நெய்ததைச் சுமந்துகொண்டு நெசவாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பைஃபர் என்ற மேற்பார்வையாளன் துணியைப் பிரித்துப் பார்க்கிறான், எடை போடுகிறான், குறை சொல்கிறான், கூலியைக் குறைக்கிறான். அவனும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவன். ஒரு பெண் முன்பணம் கேட்டுக் கெஞ்சுகிறாள். பசியில் ஒரு சிறுவன் சுருண்டு விழுகிறான். டிரைஸிகர் பெற்றோரைக் குறைகூறிப் பேசிவிட்டு, இன்னும் 200 பேருக்கு வேலை தரப்போவதாகப் பெருந்தன்மையோடு அறிவிக்கிறார். அவர் போனபிறகுதான் கூலி முன்பைவிடக் குறைவு என்பது தெரிகிறது. இங்கே எது வர்ணனை, எது செயல்? துணியை எடை போடுவதே நாடகத்தின் மோதல். லூக்காச் தேடிய இணைப்பு அந்தத் தராசுத் தட்டில் இருக்கிறது.

இரண்டாம் அங்கத்தில் கிழவர் பௌமெர்ட் வீட்டு நாயைக் கொன்று சமைக்கிறார்கள். நெடுநாள் கழித்து இறைச்சியைக் கண்ட வயிறு அதைத் தாங்காமல் வாந்தி எடுக்கிறது. கிழவர் அழுகிறார். பட்டினியைப் பற்றி எத்தனையோ வீரவசனங்கள் கேட்டிருக்கிறோம். இந்த வாந்திக்கு முன்னால் அவை நிற்காது.

ஐந்து அங்கங்களிலும் நாயகன் என்று ஒருவனும் இல்லை. அங்கத்துக்கு அங்கம் ஆட்கள் மாறுகிறார்கள், கூட்டம் வளர்கிறது. கடைசியில் வரும் கிழவர் ஹில்ஸே பக்திமான், கலகத்தில் சேர மறுத்துத் தறியில் உட்காருபவர். ஜன்னல் வழியே பாய்ந்த ராணுவக் குண்டு அவரையே கொல்கிறது. கண்ணும் தெரியாமல் காதும் சரியாகக் கேளாத மனைவி, இறந்தது தெரியாமல் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கலகம் வென்றதா, கடவுள் நீதி செய்தாரா என்று ஆசிரியர் சொல்வதில்லை. அந்த நேர்மைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பெர்லின் போலீஸ் 1892இல் நாடகத்துக்குத் தடை போட்டது. மறு ஆண்டு சுதந்திர மேடை உறுப்பினர்களுக்கு மட்டும் அதை நடித்தது. பார்த்தவர்களில் ஒருவரான கேத்தே கோல்விட்ஸ் அந்தத் தாக்கத்தில் ‘நெசவாளர் கிளர்ச்சி’ ஓவிய வரிசையைப் படைத்தார். பெர்லினின் டாய்ச்சஸ் அரங்கில் நுழைவுச்சீட்டு விலை அதிகம், தொழிலாளர்கள் வரமாட்டார்கள் என்று காரணம் சொல்லித்தான் நீதிமன்றம் தடையை நீக்கியது. 1894இல் பொதுமக்கள் முன் அரங்கேறியதும் கைசர் அங்கே தனக்கிருந்த இருக்கைகளை ரத்து செய்தார். புகைப்படத்தைக் கண்டு எந்தப் பேரரசன் இப்படிக் கோபித்துக்கொண்டான்?

பிறகு ட்ரைசரின் ‘சிஸ்டர் கேரி’ (1900), கோர்க்கியின் ‘அதல பாதாளம்’ (1902) என்று கிளைகள் விரிந்தன. ஹாப்ட்மன் கனவு நாடகங்களின் பக்கம் சாய்ந்தார், 1912இல் நோபல் பெற்றார். அந்தப் பிற்காலப் படைப்புகள் மங்கலானவை, ‘நெசவாளர்கள்’ மங்கவில்லை.

தமிழில் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளர் பட்டினியைச் சொன்ன முக்கியமான நாவல். ஆனால் விடிவுக்கான வழியையும் அதுவே கைகாட்டிவிடுகிறது. செருப்புத் தைத்துப் பிழைக்கும் அழகிரியைப் பூமணி ‘பிறகு’வில் (1979) எழுதியபோதுதான், வழிகாட்டாமல் கூடவே நிற்கும் கலை நம் நாவலுக்கு முழுமையாகக் கைவந்தது. நாடகம் அங்கே வந்து சேரவில்லை. நம் நவீன நாடகக்காரர்கள் அபத்த நாடகத்துக்கும் கூத்துக்கும் போனார்கள், கூலி எண்ணும் அறைக்குள் நுழையவில்லை.

இயல்புவாதத்தில் செத்தது பரம்பரைக் கோட்பாடு. உழைப்பையே கதைநிகழ்வாக்கும் வித்தையும், உழைப்பவர் பேச்சை மெருகிடாமல் கேட்கும் காதும் சாகவில்லை. சாயப்பட்டறையும் பின்னலாடைக் கம்பெனியும் கிடங்கும் நிறைந்த நாடு நமது. அங்கே கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, எதற்கெல்லாம் பிடித்தம் செய்யப்படுகிறது என்று தெரிந்த ஒருவர் நாடகம் எழுத வேண்டும். நம் நாடகக் குழுக்கள் அதற்கு முன் ‘நெசவாளர்கள்’ நாடகத்தைச் சென்னை சபாக்களை விட்டுவிட்டு, தறி ஓடும் ஊர்களில் நடித்துக் காட்ட வேண்டும்.