ஈயக் கோடு

கிறிஸ்துமஸ் சமயத்தில் வருகிற வாழ்த்து அட்டைகளில் ஒரு தினுசு உண்டு. மேரியும் குழந்தையும் தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் அடைபட்டிருப்பார்கள். நடுவே நீலமும் சிவப்பும் மஞ்சளும் நிரப்பியிருக்கும். மாதா கோயில் ஜன்னல் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பது வரைந்தவருடைய உத்தேசம். போலத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றுவதில்லை.

காரணம், அந்தக் கோட்டுக்கு அங்கே வேலை இல்லை. பழைய ஜன்னல்களில் அது அழகுக்காக வந்ததல்ல. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கண்ணாடித் தகடு செய்ய முடியாது. சிறு துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளால் பிணைத்தார்கள். ஈயம் இல்லாவிட்டால் ஜன்னல் உதிர்ந்துவிடும். அங்கியின் ஓரம், கழுத்தின் விளிம்பு என்று இடம் தேடி ஈயத்தைக் கொண்டுபோனான் நல்ல தொழிலாளி. முகத்தின் குறுக்கே போகாமல் பார்த்துக்கொண்டான். தடையோடு மல்லாடியதில் பிறந்த அழகு அது.

மொஸெய்க்கும் அப்படித்தான். மொஸெய்க் என்றால் நமக்கு வழவழவென்ற வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். இத்தாலியில் ராவென்னா நகரில், 547ல் பிரதிஷ்டையான சான் வித்தாலே ஆலயத்துச் சுவர்களில் கண்ணாடிச் சில்லுகள் அப்படிச் சமமாகப் பதிக்கப்படவில்லை. சற்றே சாய்ந்து நின்று வெளிச்சத்தை வேறு வேறு பக்கம் திருப்புகின்றன. வழவழப்பாகத் தேய்த்திருந்தால் அந்தச் சுவர் செத்துப்போயிருக்கும்.

இந்தப் பழைய வேலைகளிலிருந்து இந்த நூற்றாண்டுகளின் ஓவியன் எதை எடுத்துக்கொள்ளலாம்? இதற்குச் சரியான பதில் ஜார்ஜ் ரூவோவின் படங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1871ல் பாரிஸில் பிறந்த ரூவோ, பதினாலாவது வயதில் வர்ணக் கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகப் போனார். பழைய ஜன்னல்களைச் செப்பனிடுகிற வேலை. ஈயத்தின் கனத்தைக் கையால் அறிந்தவர் அவர். பிற்பாடு ஓவியரானபோது அந்தக் கறுப்புக் கோடும் கூடவே வந்தது. ஆனால் ஓவியச் சீலைக்குப் பின்னால் சூரியன் இல்லையே! வெளிச்சத்தை வர்ணத்துக்குள்ளேயே உண்டாக்கியாக வேண்டும். வர்ணத்தின் மேல் வர்ணமாக, சில படங்களில் வருஷக்கணக்காக, அப்பிக்கொண்டே போனார். கோமாளி, நீதிபதி, விலைமாது, கிறிஸ்து எல்லாருக்கும் அதே கோடுதான். நொறுங்கிப்போன மனிதர்கள் உதிர்ந்துவிடாமல் அது அவர்களைத் தாங்குகிறது. ஜன்னலில் ஈயம் செய்த வேலை அதுதானே?

ஐம்பத்தெட்டு அச்சுச் சித்திரங்கள் கொண்ட 'மிஸரேரே' 1948ல் வெளிவந்தது. அதில் வர்ணமே கிடையாது. வெறும் கறுப்பும் வெளுப்பும். இருந்தும் உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது. ஜன்னலின் ரகசியம் வர்ணத்தில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ரூவோவிடம் குறை இல்லாமல் இல்லை. பிற்காலத்துக் கிறிஸ்து முகங்களில் சில, முன்பு தாமே செய்தவற்றின் பிரதிகளாகிவிட்டன. ஆனால் 1948லேயே, இனித் தம்மால் முடிக்க இயலாது என்று தோன்றிய 315 படங்களை நெருப்பில் போட்டவர் அவர். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

1950ல் பிரான்ஸின் மலைப் பிரதேசத்தில் ஆஸ்ஸி ஆலயம் பிரதிஷ்டையானபோது, அதன் ஜன்னல்களில் சில ரூவோவின் சித்திரங்களிலிருந்து செய்யப்பட்டிருந்தன. எண்பதை நெருங்கும் வயதில் மறுபடி ஈயத்திடமே வந்து சேர்ந்தார்.

பக்தர் என்பதால்தான் அவருக்கு இது கைகூடியது என்பார்கள் சிலர். ஆனால் அதே ஆலயத்தின் முகப்பு மொஸெய்க்கைச் செய்த ஃபெர்னான் லெஜே கம்யூனிஸ்டு. பக்தி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். வாழ்த்து அட்டை வரைந்தவரும் நல்ல பக்தராக இருக்கலாம். தம் கோடு எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கதை எழுதுகிற நாங்களும் பழைய உருவங்களைக் கடன் வாங்குகிறவர்கள்தாம். வாங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது எங்களுக்கும் நல்லது.