மலைக் கவுன்டிக்குப் போதாத மதிப்பெண்

அமெரிக்காவின் கவுன்டிகள் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகள்) அனைத்தையும் ஒரே அளவுகோலால் எடைபோடுவது தேசிய இடர்க் குறியீடு. ஃபீமா எனப்படும் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமை இதை 2021-இல் முழுமையாக வெளியிட்டது. சூறாவளி, வெள்ளம், காட்டுத்தீ, நிலச்சரிவு என 18 வகை இடர்களால் ஓராண்டில் சராசரியாக எவ்வளவு இழப்பு நேரும் என்று முதலில் டாலரில் கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகை மக்களின் சமூக நலிவுக்கு ஏற்பக் கூட்டப்பட்டு, மீண்டெழும் திறனுக்கு ஏற்பக் குறைக்கப்படுகிறது. அதை வைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்டிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன.

இதன் பயன் உண்மையானது. சொந்தமாக நிலவியலாளரோ நீரியலாளரோ வைத்துக்கொள்ள முடியாத சிறு கவுன்டி அலுவலகத்துக்கும் செலவில்லாமல் ஒரு தொடக்கக் கணக்கு கிடைக்கிறது. வறுமையும் முதுமையும் அபாயத்தின் பகுதிகளே என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

கோளாறு டாலரில் தொடங்குகிறது. வரிசையின் உச்சியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி நிற்கிறது. அங்கே மக்களும் அதிகம், கட்டடங்களின் மதிப்பும் அதிகம். 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் எந்த ஊரில் இறந்தாலும் ஓர் உயிருக்கு 1.16 கோடி டாலர் என்றே கணக்கு. அதில் பாகுபாடில்லை. ஆனால் மலையோரத்தில் சிதறிக் கிடக்கும் வீடுகள் அடியோடு அழிந்தாலும் மொத்தத் தொகை சிறிதாகவே இருக்கும். மதிப்போடு ஒப்பிட்ட இழப்பு விகிதமும் தனியே தரப்படுகிறது; ஆயினும் முதன்மை மதிப்பெண் இன்னும் தொகையைத்தான் பின்பற்றுகிறது.

இரண்டாவது குறை, கணக்கு பழைய பதிவுகளைச் சார்ந்திருப்பது. ஆளில்லாத சரிவில் மண் சரிந்தால் அதைப் பதிவுசெய்ய யாருமில்லை. பதிவு குறைந்த கவுன்டிக்கு வட்டார, தேசியச் சராசரிகளிலிருந்து கடன் வாங்கியே எண் நிரப்பப்படுகிறது. மீண்டெழும் திறனோ கவுன்டி அளவில் மட்டுமே அளக்கப்படுகிறது; ஒரே சாலையை நம்பியிருக்கும் பள்ளத்தாக்குக்கும் மருத்துவமனை உள்ள நகருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

தொகை சிறிதாக இருக்கும் மலைக் கவுன்டியிலும் அழிவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை வட கரோலினாவின் யான்சி கவுன்டி காட்டுகிறது. மக்கள்தொகை 18,000-க்குச் சற்று மேல். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான மிட்செல் சிகரம் இங்கேதான் இருக்கிறது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளியை ஒட்டி, இங்குள்ள பியூசிக்கில் மூன்றே நாளில் சுமார் 78 செ.மீ. மழை கொட்டியது. அந்த வட்டாரம் முழுவதும் ஏறத்தாழ 2,000 நிலச்சரிவுகள் கணக்கிடப்பட்டன. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தும் சாலைகளும் பாலங்களும் போய், ஊர்கள் தனித்துவிடப்பட்டன. வெள்ள வரைபடங்களும் இங்கே முழுமையாகக் கைகொடுப்பதில்லை; அவை பெரிய ஆறுகளைச் சார்ந்தவை; மலை இடுக்கில் திடீரெனப் பெருகும் சிற்றோடைகள் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறுவதில்லை.

கிராமக் கவுன்டிக்குத் தேவை எந்தச் சரிவு, எந்த ஓடை, எந்த வீடு என்று சொல்லும் வரைபடம். அது முடியாத காரியம் அல்ல. 2004 செப்டம்பர் 16 இரவு, ஐவன் சூறாவளி மழையில், அதே மாநிலத்தின் மேக்கன் கவுன்டியில் உள்ள ஃபிஷ்ஹாக் மலையிலிருந்து மண்ணும் பாறையும் மரமும் கலந்து பீக்ஸ் ஓடை வழியாகச் சுமார் 3.6 கி.மீ. பாய்ந்தன. ஐந்து பேர் இறந்தனர். அதன் பிறகே மேற்குக் கவுன்டிகளின் நிலச்சரிவு அபாயத்தைச் சரிவு சரிவாக வரைய மாநிலம் 2005-இல் பணம் ஒதுக்கியது. நிலவியலாளர்கள் பழைய சரிவுத் தடங்களை மலையேறித் தேடினர். மேக்கன், வாட்டாகா, பங்கம்ப், ஹென்டர்சன் ஆகிய நான்கு கவுன்டிகள் முடிந்த நிலையில், 2011-இல் நிதி வெட்டப்பட்டது. மனை விலை சரியும் என்ற எதிர்ப்பும் அதற்கு முன்பே எழுந்திருந்தது. மறுபடி வேலை தொடங்க 2018 ஆயிற்று. மக்களின் உயிரோடு தொடர்புடைய பணியில் இழந்த அந்த ஏழு ஆண்டுகள் மன்னிக்கத்தக்கவை அல்ல.

இத்தகைய வரைபடத்துக்கும் எல்லை உண்டு. எங்கே சரியக்கூடும் என்று அது சொல்லும்; எப்போது என்று சொல்லாது. செங்குத்துச் சரிவில் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்துவது வட கரோலினாவில் பெரும்பாலும் அந்தந்தக் கவுன்டியின் கையில் விடப்பட்டிருக்கிறது. ஆகவே வரைபடம் தயாராகியும், கட்டட அனுமதி தரும் மேசையில் அதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத கவுன்டியில் புதிய வீடு பழைய சரிவுத் தடத்தின் மேலேயே எழ முடியும்.