என்ன சொன்னான்?

ஒரு சின்னக் கேள்வி. நேற்று ராத்திரி உங்கள் வீட்டு ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, "என்ன சொன்னான்?" என்று யாராவது கேட்டார்களா?

கேட்டிருப்பார்கள். யார் என்றுகூடச் சொல்லிவிடலாம். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா. அல்லது அம்மா. முதல் தடவை பையன் பொறுமையாகச் சொல்லியிருப்பான். இரண்டாவது தடவை, "ஒண்ணுமில்லப்பா, அப்புறம் சொல்றேன்." மூன்றாவது தடவை அவர் கேட்டிருக்கவே மாட்டார். சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூக்கம் வருது" என்று எழுந்து போயிருப்பார்.

சவுண்ட்பார் என்ற சமாசாரத்தை நீங்கள் வாங்குவதாக இருந்தால், அவர் கேட்காமல் விட்ட அந்த மூன்றாவது கேள்விக்காக வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால், கடையில் அதை அப்படி விற்பதில்லை.

கடையில் எப்படி விற்கிறார்கள்? ஏ.சி. போட்ட இருட்டு அறை. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறக்கும். கண்ணாடி உடையும். ஒரு சொட்டுத் தண்ணீர் இடது காதில் விழுந்து வலது காதில் வழியும். கடைசியாக, சர்வ நிச்சயமாக, எங்காவது ஒரு குண்டு வெடிக்கும். "சார், பேஸ் நெஞ்சுல அடிக்குதா?" என்பார் விற்பனைப் பையன். அடிக்கும். அடிக்கத்தானே செய்வார்கள்! சமீபத்தில் அப்படி ஒரு கடையில், "தம்பி, தமிழ்ல ரெண்டு பேர் சாதாரணமா பேசற சீன் ஏதாவது போடுங்களேன்" என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதுல என்ன சார் தெரியும்?"

எல்லாமே அதில்தான் தெரியும். ஏன் என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

சாலிடேர், டயனோரா காலத்து டி.வி. ஞாபகம் இருக்கிறதா? பிக்சர் ட்யூபுக்காக முழ நீளத்துக்குப் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால், அந்தப் பெட்டியில் ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது. பெரும்பாலும் அது உங்கள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இன்றைய டி.வி. சப்பாத்திக் கல் கனம். முன்பக்கம் முழுக்கப் படம். ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள்? அடியில், தரையைப் பார்த்தபடி. அல்லது பின்னால், சுவரைப் பார்த்தபடி. கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசுகிற ஆசாமியின் பேச்சு நமக்கு எப்படிக் கேட்கும்? அப்படித்தான் ஹீரோ பேசுவதும் கேட்கிறது. திரை 32 அங்குலத்திலிருந்து 55, 65 என்று வளர்ந்துகொண்டே போக, ஸ்பீக்கர் மட்டும் சுண்டைக்காய் ஆகிவிட்டது.

இரண்டாவது விஷயம், நம் பேச்சே. பேச்சில் சத்தம் இருப்பது உயிரெழுத்தில். அர்த்தம் பெரும்பாலும் மெய்யெழுத்தில். படம், கடம், தடம், மடம்... முதல் எழுத்தின் மெய் தவறிப்போனால் எல்லாமே '...அடம்'தான். இந்த மெய்யொலிகளை அடையாளம் காட்டும் நுணுக்கமான சமாசாரம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதில் சக்தி ரொம்பக் குறைவு. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இந்த மேல் பகுதியைத்தான். அதனால்தான் பெரியவர்கள், "கேக்கலை" என்று சொல்வதில்லை. "கேக்குது, ஆனா புரியலை" என்கிறார்கள். அது சாக்கு அல்ல. துல்லியமான மருத்துவ வர்ணனை. நாம் உடனே ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுகிறோம். கூடவே பின்னணி இசையும் கூடுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறவே இல்லை. அடுத்த நிமிஷம் சண்டைக் காட்சி வந்து, பக்கத்து ஃபிளாட்காரர் காலிங்பெல்லை அழுத்துகிறார்.

மூன்றாவது குற்றவாளி, சினிமாக்காரர்கள். 'பராசக்தி' 1952-ல் வந்தது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவனுக்கும் வசனம் அட்சரம் அட்சரமாகக் கேட்டது. அன்றைக்கு ஒரே ட்ராக், ஒற்றைத் தடத்தில்தான் எல்லாம். வசனம் வந்தால் இசை ஒதுங்கி வழிவிட வேண்டும், வேறு கதி இல்லை. இப்போது எத்தனை தடம் வேண்டுமானாலும் அடுக்கலாம். 2012 கடைசியில் 'சிவாஜி' 3-டியாகத் திரும்ப வந்தபோது டால்பி அட்மாஸும் கூடவே வந்தது. கூரையில்கூட ஸ்பீக்கர். நல்ல விஷயம்தான், தியேட்டரில் நானும் வாயைப் பிளந்து ரசிக்கிற ஆள்தான். ஆனால், இடம் கிடைத்ததே என்று எல்லாவற்றையும் ரொப்பிவிட்டார்கள். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது நடந்தது தெரியும்தானே? காது வலிக்கிறது என்று ஜனங்கள் புகார் சொல்ல, சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்களுக்குச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே பேட்டி கொடுத்தார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி, இந்தச் சத்தப் போட்டியில் ஒலிக்கலை மாட்டிக்கொண்டு தவிப்பதாக வருத்தப்பட்டு எழுதினார். ஹாலிவுட்டும் யோக்கியமில்லை. கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்' 2020-ல் வந்தபோது, இங்கிலீஷ்காரர்களே வசனம் புரியவில்லை என்று புலம்பினார்கள். நாம் எந்த மூலை!

தியேட்டரில் இந்தக் கூச்சலுக்கு நடுவிலும் வசனம் ஓரளவு பிழைத்துவிடுகிறது. காரணம், திரைக்குப் பின்னால் நட்டநடுவில் வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. 5.1 என்கிறார்களே, அந்த ஐந்தில் இடது, வலது, பின்னால் இரண்டு போக மிச்சமுள்ள ஒன்று அதுதான். சென்டர் ஸ்பீக்கர். கதாபாத்திரங்கள் பேசுவதில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. உங்கள் டி.வி-யில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். நடு ஸ்பீக்கரின் வசனத்தைப் பாதி இடதிலும் பாதி வலதிலும் இசையோடு சேர்த்துப் பிசைந்து கொடுக்கிறது. கூட்டாஞ்சோறு!

இங்கேதான் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு சங்கதி. இரண்டு ஸ்பீக்கரில் வசனம் நடுவிலிருந்து வருவதுபோல் ஒரு பிரமை உண்டாகும். ஆனால், அது சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? ரிமோட் வைத்திருப்பவர். ஓரத்தில் இருக்கிற அப்பாவுக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதில் விழும். குரல் அதிலேயே அமுங்கிக் கிடக்கும். நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் இருந்தால், நாற்காலி எங்கே இருந்தாலும் குரல் திரையிலிருந்தே வரும்.

ஆகவே சவுண்ட்பார் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" அல்ல. "நடுவுல தனி சென்டர் சேனல் இருக்கா?" 2.1 என்றால் இல்லை. 3.1 என்றால் உண்டு. 5.1-லும் உண்டு. 2.1 வகையில் ஐந்தாறாயிரத்துக்கே கிடைக்கிற பல பெட்டிகள் செய்கிற காரியம் என்ன தெரியுமா? கூடவே வருகிற வூஃபரை வைத்து அடித்தொண்டையைப் பெருக்குகின்றன. ஆண் குரல் எல்லாம் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஆகிவிடும். ஏற்கெனவே புரியாத வசனம் இப்போது கம்பீரமாகப் புரியாது.

வாட்ஸ் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி எரிச்சல். டூ-இன்-ஒன் காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள். கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்குகிற உச்சகட்டத்தை எடுத்து, பெருக்க வேண்டியதையெல்லாம் பெருக்கிப் போட்ட எண் அது. டர்ன்ஓவரைக் காட்டி லாபம் என்று சொல்கிற பேலன்ஸ் ஷீட் மாதிரி. ஆர்.எம்.எஸ். என்பது ஏறக்குறைய நிகர லாபம். அதைப் பாருங்கள். அதையும் ரொம்ப நம்பாதீர்கள். மொத்த வாட்ஸில் ஒரு பெரிய பங்கை சப்-வூஃபரே விழுங்கியிருக்கும். தவிர, நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டும் என்றால் வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். 300 வாட்ஸுக்கும் 400 வாட்ஸுக்கும் வித்தியாசம் சுமார் 1.2 டெசிபல். கவனமாகக் காதைத் தீட்டினால்தான் தெரியும். அதற்காக நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

அட்மாஸ்? மேலே பார்த்த ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் மோதவிட்டு உங்கள் தலைமேல் இறக்கும் என்பது ஏற்பாடு. அதற்குக் கூரை தட்டையாக இருக்க வேண்டும்; உயரம் எட்டிலிருந்து பன்னிரண்டு அடி வரை இருந்தால் உத்தமம். நம் ஹாலில் நடுக்கூரையில் என்ன இருக்கிறது? ஃபேன்! மே மாதம் அதை நிறுத்திவிட்டு அட்மாஸ் கேட்கிற வைராக்கியம் யாருக்கு இருக்கிறது? மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். இதுவே இப்படி என்றால், மேலே பார்த்த ஸ்பீக்கரே இல்லாமல் டப்பாவில் மட்டும் அட்மாஸ் என்று போட்டு வருவது தனிக்கதை. பின்பக்க ஸ்பீக்கர்களும் அப்படித்தான். சோனியின் ஹெச்.டி.-எஸ்20ஆர் மாதிரி ஒயர் வைத்த 5.1 செட் வாங்கினால், அந்த ஒயரை ஹாலின் குறுக்கே எப்படிக் கொண்டுபோவது என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்குங்கள். பேசாமல் வாங்கினால், அந்த இரண்டு ஸ்பீக்கரும் ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பின்னாலிருந்து வர வேண்டிய மழை முன்னாலிருந்தே பெய்யும்.

பாட்டுதான் முக்கியம், நான் ராஜாவையும் ரஹ்மானையும் கண்ணை மூடிக் கேட்கிற ஜாதி என்றால், சவுண்ட்பார் பக்கமே போகாதீர்கள். அதே காசுக்கு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர், இரண்டு தனி ஸ்பீக்கர். ரிச்சி தெருவில் ஒரு நாள் பொறுமையாக அலைந்தால் அமைந்துவிடும். இடதும் வலதும் ஆறேழு அடி தள்ளி நின்று பாடுகிற சுகத்தை, ஒரு மூன்றடிக் குழாய் கொடுத்து நான் கேட்டதில்லை.

காசு செலவழிப்பதற்கு முன்னால் இலவசமாகச் செய்யக்கூடிய ஒன்றிரண்டு இருக்கின்றன. ஹால் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'டங்' என்று ரீங்காரம் திரும்பி வருகிறதா? வெற்றுச் சுவரும் விட்ரிஃபைடு டைல்ஸும் செய்கிற வேலை. அந்த எதிரொலி முந்தின சொல்லை அடுத்த சொல்லின் மேல் ஈஷிவிடும். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், சுவரோரம் ஒரு புத்தக அலமாரி... வசனம் சட்டென்று தெளியும். அப்புறம் டி.வி. மெனுவில் 'கிளியர் வாய்ஸ்' என்கிற மாதிரி ஏதோ ஒரு பெயரில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருக்கிறதா என்று துழாவுங்கள். ஓ.டி.டி-யில் ஆடியோ பட்டியலில் 5.1 என்றும் சாதாரண ஸ்டீரியோ என்றும் இரண்டும் இருந்தால், வெறும் டி.வி-க்கு ஸ்டீரியோவைப் போட்டுப் பாருங்கள். பிரைம் வீடியோ 2023-ல் வசனத்தை மட்டும் உயர்த்துகிற ஒரு வசதியைச் சில படங்களுக்குக் கொண்டுவந்தது. நம்மவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கப்புறமும் வாங்குவதென்று முடிவானால், போனில் தமிழ் சீரியலின் ஒரு காட்சியோ செய்தியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு. டெமோ அறையில் அவரை ஓரத்தில் உட்கார வையுங்கள். வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள், கூட்ட அல்ல. ஒவ்வொரு பெட்டியிலும் அதே காட்சி. எதில் அவர் திரும்பிக் கேட்கவில்லையோ அதற்கு பில் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டி.வி-யின் பின்னால் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ-ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிற எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டுங்கள். 2009-க்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. டி.வி. ரிமோட்டிலேயே சவுண்ட்பாரும் உயிர் பெறும். பெரியவர்கள் இரண்டாவது ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ப்ளூடூத்தில் மட்டும் இணைக்காதீர்கள். பல செட்களில் உதடு முதலில் அசைந்து, குரல் பின்னால் வரும்.

இத்தனையும் செய்து, செய்தி வாசிக்கிறவர் பேசுவதே அவருக்குப் புரியவில்லை என்றால், போக வேண்டிய இடம் வேறு. ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். எந்த ஒலி போயிருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். இப்போது வருகிற பல காது மெஷின்களில் டி.வி-யின் ஒலியை நேரடியாகக் காதுக்கே அனுப்புகிற வசதியும் இருக்கிறது. அப்படிச் செய்கிற வீட்டில் சவுண்ட்பாருக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போகட்டும். குண்டு வெடிப்பதை டி.வி-யின் சின்ன ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.