படைப்பும் உடைமையும்

கணினி விளையாட்டொன்றை விமர்சனத்திற்குரிய பொருளாக நாம் எடுத்துக்கொள்வது நண்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். விளையாட்டு என்றதும் மாணவரைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் ஆசிரியர் நம்மிடையே பலர். நாமும் அண்மைக்காலம்வரை அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதப்பட்ட ‘டிஸ்கோ எலிசியம்’ அவ்வெண்ணத்தை மாற்றிற்று. 2019 ஒக்ரோபரில் வெளிவந்த இதனை ஒரு நாவலாகவே வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும்.

இதனை ஆக்கிய ஸா-ஊம் நிறுவனம் எஸ்தோனியத் தலைநகரான தாலினில் ஓர் எழுத்தாளர், ஓவியர் வட்டமாகவே தோன்றியது. றஷ்ய எதிர்காலவாதக் கவிஞர்கள் பொருள் கடந்த மொழிக்கு இட்ட பெயரை அவ்வட்டத்தின் பெயர் நினைவூட்டும். அதன் மூலவரான றொபேட் குர்விற்ஸ் 1984இல் பிறந்தவர். சோவியத் ஆட்சி நீங்கியபின் சந்தைப் பொருளாதாரத்தை விரைந்து தழுவிய நாட்டில் வளர்ந்தவர். நண்பர்கள் மேசையைச் சுற்றியிருந்து ஆடிய பாத்திர விளையாட்டுகளில் ஒரு கற்பனையுலகம் ஆண்டுக்கணக்கில் உருப்பெற்றது. அவ்வுலகைக் களமாகக் கொண்டு குர்விற்ஸ் எழுதிய நாவல் 2013இல் வெளியாகி, ஆயிரம் பிரதிகள் அளவிலேயே விலைப்பட்டது. ஈழத்தில் நூல் வெளியிட்டோருக்கு இத்தொகை புதிதன்று. தோல்வியுற்ற அந்நாவலுலகே பின்னர் விளையாட்டாயிற்று. அதற்குப் பெருமுதல் வேண்டியிருந்தது. ஆகவே 2016இல் வட்டம் கம்பனியாகப் பதிவு பெற்றது. பிற்கால முரண்பாடு அனைத்தும் இம்மாற்றத்திலேயே கருக்கொண்டது என்பது நமது கருத்து.

கதை நிகழுமிடம் றெவஷோல் நகரின் துறைமுகச் சேரி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கு எழுந்த புரட்சியை அந்நியப் படைகள் நசுக்கிவிட்டன. இன்று துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நிற்கின்றனர். கம்பனியின் கூலிப்படையாளன் ஒருவன் மரத்தில் பிணமாகத் தொங்குகிறான். துப்பறிய வந்தவனோ குடிவெறியில் தன் பெயரையும் மறந்தவன். அவனுடைய அறிவும் அச்சமும் ஆசையும் இருபத்துநான்கு குரல்களாகப் பிரிந்து அவனோடு வாதிடுகின்றன. நனவோடை உத்தியைப் பலர் கையாண்டுள்ளனர். வாசகனே அவ்வோடையின் போக்கைத் தேர்ந்தெடுக்க நேர்வது இங்குள்ள புதுமை. தனிமனிதனின் சிதைவும் நகரின் சிதைவும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. தோல்வியின் கசப்பில் மக்களை வெறுத்து, தீவொன்றில் துப்பாக்கியோடு தனித்திருக்கும் பழைய புரட்சிப் படையாளனின் சித்திரம் யதார்த்தத்தின் உச்சம். 2021 மார்ச்சில் வந்த விரிவுபதிப்பில் இரு மாணவர் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்று வருகிறது. தீப்பெட்டிகளை அடுக்கி அவர்கள் கோபுரம் எழுப்பும் காட்சியைப் பார்த்துச் சிரித்தோம்; சிரித்த பின்னர் நமது வட்டங்களையும் எண்ணிக்கொண்டோம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. வேலைநிறுத்தத்தைக் களமாகக் கொண்ட இப்படைப்பில் தொழிலாளர் ஓர் அமைப்பாகச் சிந்திப்பதை நாம் காண்பதில்லை. சங்கம் என்பது பெரும்பாலும் தலைவன் எவ்றாற்றின் அறையே. அவனைச் சூழ்ச்சிக்காரனாகத் தீட்டியது குற்றமன்று. அத்தகைய தலைவர்கள் உளர். ஆனால் அவனுக்கு வாக்களித்தவர் எவர், அவனை எதிர்த்தவர் எவர், வேலையில்லா நாட்களில் அவர்தம் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிந்தது? தோல்வியை ஆழமாக உணர்ந்த ஆசிரியர்கள் ஸ்தாபனத்தை மேலோட்டமாகவே உணர்ந்துள்ளனர்.

அவர்களது வாழ்விலும் அதுவே நேர்ந்தது என்று தோன்றுகிறது. 2019 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த பெரும் பரிசளிப்பு விழாவில் நான்கு விருதுகளைப் பெற்று, மார்க்ஸ், எங்கல்ஸ் இருவருக்கும் மேடையிலே நன்றி கூறினர். 2021இல் பெரும்பான்மைப் பங்குகள் கைமாறின. அவ்வாண்டின் இறுதியில் குர்விற்ஸ், ஓவியர் அலெக்ஸாந்தர் றொஸ்தோவ், எழுத்தாளர் ஹெலன் ஹின்ட்பெரே மூவரும் நிறுவனத்தில் இல்லை. அவர்கள் விரும்பி விலகவில்லை என்ற செய்தி 2022 ஒக்ரோபரில்தான் வெளிவந்தது. பங்குகள் முறைகேடாக வாங்கப்பட்டன என்று குர்விற்ஸும் றொஸ்தோவும் குற்றஞ்சாட்டினர். அதை மறுத்த நிருவாகம் அவர்களது நடத்தையின் மீது குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. புலமைச் சொத்துச் சட்டத்தின் கண்ணில் றெவஷோல் நகரம் அதைக் கனவு கண்டவர்களுக்கு உரியதன்று, கம்பனிக்கே உரியது என்பதே இங்கு கவனிக்கற்பாலது. நண்பர் வட்டமாயிருந்த காலத்தில் எழுதாமல் விட்ட விதிகளைப் பங்குப் பதிவேடு எழுதிவிட்டது.

2024 தொடக்கத்தில் ஊழியருள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் வேலையிழக்கும் நிலை வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில், எலிசியத்தின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டு சில புதிய நிறுவனங்கள் எழுந்தன. மூல நிறுவனம் 2025 ஓகஸ்ற்றில் ‘ஸீறோ பரேட்ஸ்’ என்னும் அடுத்த விளையாட்டை அறிவித்தது. அதனைத் தொடவே கூடாது என்போரோடு நாம் உடன்படவில்லை. அதை எழுதியோரும் கூலிக்கு உழைக்கும் கலைஞரே. பிரித்தானியாவிலுள்ள அந்நிறுவன ஊழியர்கள் 2025இல் தொழிற்சங்கம் அமைத்து, நிருவாகத்தின் அங்கீகாரத்தையும் பெற்றுள்ளனர்.