கை, எழுத்து, விளையாட்டு: செயல்வழிக் கற்றல் பற்றிச் சில கேள்விகள்

சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாக, கையால் செய்து பார்க்கும் வேலைகள் வழியாகக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. அரசாங்கம் சொல்கிறது. கட்டணப் பள்ளியின் விளம்பரத் தட்டி சொல்கிறது. தொண்டு நிறுவனங்கள் சொல்கின்றன. இடதுசாரிகளும் சொல்கிறார்கள். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை 3 வயது முதல் 8 வயது வரையிலான கட்டம் முழுவதையும் விளையாட்டாலும் செயல்பாட்டாலும் நடத்தச் சொல்கிறது. ஒன்றுக்கொன்று முரணான நலன்கள் கொண்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் வேறு வேறு அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் என்றால் அதிகாரம், விளையாட்டு என்றால் விடுதலை என்கிற எளிய எதிர்வு நம் சூழலில் செல்லாது. சாதியச் சமூகத்தில் கை என்பது வெறும் உடலுறுப்பு இல்லை. எந்தக் கை மண்ணையும் தோலையும் தொட வேண்டும், எந்தக் கை ஏட்டைத் தொடலாம் என்று பிரித்து வைத்த சமூகம் இது. ஆகவே 'கையால் செய்து கற்போம்' என்று யார் வந்து சொன்னாலும், கைக்கும் எழுத்துக்கும் நடுவே நிற்கிற சுவரை அது இடிக்கிறதா, அல்லது சுவருக்கு வர்ணம் அடிக்கிறதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

1

இந்தக் கல்விமுறையின் ஐரோப்பிய வரலாறே அவ்வளவு சாதுவானதல்ல. ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான தன் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டு கழித்து அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். கம்பளி நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை என்று அவர் பிள்ளைகள் கையில் கொடுத்த பொருள்களைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஆனால் 1848 புரட்சியின் நினைவு ஆறாத பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகம், சோஷலிசம் என்று காரணம் சொன்னார்கள். தடை 1860 வரை நீடித்தது. மரக்கட்டையை அடுக்கும் குழந்தையைக் கண்டு ஓர் அரசு மிரண்டிருக்கிறது.

மரியா மாண்டிசோரியின் முதல் குழந்தைகள் இல்லம் 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்கிற ஏழைத் தொழிலாளர் பகுதியில் திறக்கப்பட்டது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிர்வாகத்துக்குக் கவலை. பிள்ளைகளை ஒரு அறைக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் அவருடைய பரிசோதனை தொடங்கியது. பிற்பாடு 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபையில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். இன்று அவர் பெயர் நம் ஊர்களில் எந்தத் தெருவில், எவ்வளவு கட்டணத்தோடு தொங்குகிறது என்று பாருங்கள். கூலிக்காரப் பிள்ளைகளை வைத்து உருவான ஒரு முறை, கூலிக்காரப் பிள்ளை நுழைய முடியாத கட்டடத்தின் பெயர்ப் பலகையாகிவிட்டது. இதை வெறும் வியாபாரச் சீரழிவு என்று ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டு யாருக்குக் கல்வியாகிறது, யாருக்கு வெறும் பொழுதுபோக்காக எண்ணப்படுகிறது என்பதை வர்க்கம்தான் முடிவு செய்கிறது.

2

இங்கே கதை இன்னும் கொஞ்சம் சிக்கலாகிறது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்டது. நூற்பதன் வழியே கணக்கும் வரலாறும் புவியியலும் வரட்டும் என்பது அதன் கருத்து. உயர்சாதிப் பிள்ளையும் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும் என்கிற அளவில் அதற்கு ஒரு வீரியம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்கிற எண்ணமும் கூடவே இருந்தது. கற்கிற கை எங்கே முடிகிறது, உழைக்கிற கை எங்கே தொடங்குகிறது என்கிற எல்லைக்கோடு அங்கேயே கலங்கிவிட்டது.

1953இல் ராஜாஜி அந்தக் கோட்டை முற்றாக அழித்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் பெற்றோரோடு இருந்து வீட்டுத் தொழிலைக் கற்பது. இதுவும் ஒருவகையில் 'செய்து கற்றல்'தான். கல்வியியல் மொழியில் அழகாக நியாயப்படுத்தவும் செய்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

'செய்து கற்றல்' என்கிற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் ஒரு பகுதியினருக்கு உள்ளுக்குள் ஏற்படும் நடுக்கத்தை இந்த வரலாறு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது. செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. பள்ளிக்கூடத்திடம் அந்தப் பிள்ளை கேட்பது எழுத்தை. 'உனக்கு எழுத்து எதற்கு, கையிருக்கிறதே' என்று சொன்னவர்களின் குரல் இன்னும் காதில் ஒலிக்கிறபோது, களிமண்ணைக் கொடுத்து 'உருட்டு' என்று சொன்னால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று சொல்லும் கல்வியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது வரலாற்று அறிவு.

3

இந்தப் பின்னணியில்தான் செயல்வழிக் கற்றலைப் படிக்க வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை ஒட்டி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் இது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிகள். பாயில் வட்டமாக உட்காரும் ஆறு குழுக்கள். பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை.

அந்த வகுப்பறைகளில் நடந்த ஒரு விஷயத்தை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். வெவ்வேறு தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே அட்டையை, ஒரே புளியங்கொட்டையைக் கை மாற்றித் தொட்டார்கள். தீண்டாமை என்பது அடிப்படையில் தொடுதலின் மீதான சட்டம். வாய்க்கும் காதுக்கும் மட்டும் வேலை கொடுக்கும் மனப்பாட வகுப்பறையில் அந்தச் சட்டம் தொந்தரவில்லாமல் பிழைத்திருக்கலாம். பொருள்கள் கைமாறும் வகுப்பறையில் அது ஒவ்வொரு நாளும் நெருக்கடிக்கு உள்ளாகும். எந்தப் பயிற்சிக் கையேடும் இதை ஒரு நோக்கமாக எழுதி வைக்காமல் போகலாம். ஆனாலும் இந்த முறையின் ஆகப் பெரிய அரசியல் சாத்தியம் இதுவே.

சரி, அந்தச் சாத்தியம் என்ன ஆயிற்று? பரமபதத்தில் ஏணி உண்டு, பாம்பும் உண்டு. தாயத்தை உருட்டுகிறவனுக்கு அடுத்து என்ன என்று தெரியாது. இந்த ஏணியில் எல்லாப் படியும் முன்பே எண்ணிடப்பட்டிருந்தது. பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறது என்பது பதிவேட்டிலும் சுவர் அட்டவணையிலும் குறிக்கப்பட்டது. ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலையின் வரலாற்றை எழுதும்போது பள்ளியையும் தேர்வையும் சேர்த்துப் பேசினார். ஒவ்வொரு உடலையும் தனித்தனியே பிரித்து, அளந்து, பதிந்து வைப்பதன் வழியாகவே நவீன அதிகாரம் இயங்குகிறது என்றார். பிரம்பு போய்ப் பதிவேடு வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். பிரம்பு போனது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் படிப்படியாக எழுத்தராக மாறினார். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் இந்தக் கோளாறு தொடர்கிறது. பாட்டும் பொம்மலாட்டமும் அதில் உண்டு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, மதிப்பீட்டைச் செயலியில் பதிவதும் உண்டு. பெயர்கள் பூ மாதிரி இருக்கின்றன. பிரிக்கிறது என்னமோ பிரிக்கிறதுதான்.

4

செயல்வழிக் கற்றல் நடந்த ஆண்டுகளில் பெற்றோர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த குறை இது: "புள்ள பள்ளிக்கூடம் போயி வெளயாடிட்டு வருது. புஸ்தகமும் இல்ல, வீட்டுப் பாடமும் இல்ல. எப்பத்தான் படிக்கும்?" அதிகாரிகள் இதற்குக் கூட்டம் போட்டு விளக்கம் சொன்னார்கள். பெற்றோர்களில் பலர் கடன் வாங்கி இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்தார்கள்.

இந்தக் குறையின் கோட்பாட்டு ஆழத்தைக் காட்டித் தந்தவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன். 1975இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் கற்பித்தலைக் கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்று இரண்டாகப் பிரித்தார். பாடம், வரிசை, மதிப்பெண் எல்லாம் வெளிப்படையாக இருப்பது முதல் வகை. விளையாட்டுவழிக் கல்வி இரண்டாம் வகை: பிள்ளை தன் இஷ்டப்படி திரிகிறது, ஆனால் எதை வைத்து அது வளர்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறார்கள் என்பது ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். இது புதிய நடுத்தர வர்க்கத்தின் கல்விமுறை என்றார் பெர்ன்ஸ்டைன். அந்த வீட்டில் அம்மாவே இரண்டாவது ஆசிரியை; விளையாட்டைப் பாடமாக மொழிபெயர்க்க அவளுக்குத் தெரியும். உழைக்கும் வர்க்கத்துத் தாய்க்கு அந்தக் குறியீடு மூடிக்கிடக்கிறது. தன் பிள்ளையின் படிப்பிலிருந்து அவள் வெளியே தள்ளப்படுகிறாள்.

பாடப்புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட 'எத்தனாவது பக்கம் நடக்குது?' என்று கேட்கலாம். அட்டை பள்ளியிலேயே தங்கிவிட்டது. அவளுடைய அந்தச் சின்ன அதிகாரமும் போயிற்று. புத்தகத்தைப் பழமைவாதத்தின் சின்னமாகப் பார்த்தவர்களுக்கு, அது ஒரு ஏழை வீட்டில் கல்விக்கான ஒரே சாட்சியாக இருக்கக்கூடும் என்பது தோன்றவில்லை.

5

அப்படியானால் விளையாட்டே வேண்டாமா? பழையபடி பிரம்பும் வாய்ப்பாடும் போதுமா? நான் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கே வகுப்பறைக்குள் வந்தது விளையாட்டுத்தானா என்றே கேட்கிறேன். 1932இல் பியாஜே ஒரு நூல் எழுதினார். கோலி விளையாடும் பிள்ளைகளிடம் போய் விதிகளைப் பற்றிக் கேட்டறிந்து எழுதிய நூல். சிறியவர்கள் விதியைக் கல்வெட்டாகப் பார்க்கிறார்கள். வயது ஏற ஏற, எல்லாரும் சம்மதித்தால் விதியை மாற்றலாம் என்று கண்டுகொள்கிறார்கள். நம் தெருக்களில் பாண்டியோ கிட்டிப்புள்ளோ ஆடியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டத்தில் பாதி நேரம் சண்டையில் போகும். 'கோட்டை மிதிச்சுட்டே', 'மிதிக்கலே', 'இது அழுகுணி ஆட்டம்'. அந்தச் சண்டையில் பிள்ளைகள் சட்டத்தையும் நீதியையும் ஒப்பந்தத்தையும் கற்கிறார்கள். வகுப்பறைக்குள் கொண்டுவரும்போது முதலில் நறுக்கி எறியப்படுவது இதுதான். விதியை எழுதியவர் ஒரு கருத்தாளர். பிள்ளை அதை நிறைவேற்றுகிறது. தர்க்கம் பண்ண இடமில்லாத விளையாட்டு, படம் போட்ட பயிற்சிதான்.

அதற்காக நம் நாட்டுப்புற விளையாட்டுகளைத் தூக்கிக் கோயிலில் வைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பல்லாங்குழி எண்ணக் கற்றுக்கொடுக்கிறது. கூட்டலையும் முன்கணிப்பையும் கற்றுக்கொடுக்கிறது. கூடவே, தோற்றவர் அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழிகளோடு ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்கிறது. தொ. பரமசிவன் இந்த ஆட்டத்தைத் தனிச்சொத்துடைமையின் தோற்றத்தோடு இணைத்து வாசித்திருக்கிறார். 'ஏன் தோத்தவளுக்குக் கொட்டை கம்மி? எல்லாருக்கும் சமமா போட்டு ஆரம்பிச்சா என்ன?' என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கட்டும். அந்தக் கேள்விக்குக் காது கொடுக்கும் ஆசிரியர் இருக்கும் இடத்தில் கணக்குப் பாடத்தோடு அரசியல் பாடமும் தொடங்கிவிடும். அந்தக் கேள்வி எந்த ஏணியின் எந்தப் படியிலும் இல்லை.

6

மாற்றுக் கல்வி குறித்து யோசிப்பவர்கள் முன் மூன்று விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, விளையாட்டு எழுத்துக்குப் பதிலாக வரக்கூடாது. எழுத்தை நோக்கி இட்டுச்செல்ல வேண்டும். இட்டுச்செல்லும் வழி பிள்ளையின் தாய்க்கும் தெரிய வேண்டும். இன்று என்ன ஆடினார்கள், அதில் எந்த எழுத்து வந்தது, எந்தக் கணக்கு வந்தது என்று அவளிடம் சொல்வது சலுகை ஆகாது; அவளுடைய உரிமை. இரண்டு, விதியை மாற்றக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். அது பாடத்தைத் தாமதப்படுத்தும் என்றால் தாமதமாகட்டும். மூன்று, எந்தக் கை எந்த வேலையைச் செய்கிறது என்பது கலைந்தாக வேண்டும். காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்கென்று எழுதிய நூலில் குயவர், தோல் பதனிடுபவர், சலவை செய்பவர், நாவிதர் ஆகியோரின் வேலைகளை அறிவியலாக எடுத்துச் சொன்னார். மண்ணைப் பிசையும் கைக்கு மண்ணின் இயல்பு தெரியும், தோலைப் பதமிடும் கைக்கு வேதியியல் தெரியும் என்பதை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்போதுதான் 'செய்து கற்றல்' குலக்கல்வியின் எதிர்ப்பக்கமாகிறது.

2019இல் 5ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று இங்கே அரசாணை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பவும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பத்து வயது வரை விளையாடு, பத்தாவது வயதில் வடிகட்டப்படு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். வடிகட்டியில் யார் தங்குவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் அந்த வடிகட்டி தயாராக இருக்கும்வரை, உள்ளே எவ்வளவு வண்ண அட்டை பரப்பினாலும் அது காத்திருப்பு அறைதான். விளையாட்டுக் கல்விக்காக வாதாடுகிறவர்கள் தேர்வுக்கும் கட்டணத்துக்கும் எதிராகவும் அதே குரலில் பேசியாக வேண்டும். இரண்டையும் தனித்தனி விவகாரமாக வைத்துக்கொள்வது கட்டணப் பள்ளிக்காரருக்கு வசதி. நமக்கு அந்த வசதி கிடையாது.